இடைவேளைக்குப் பிறகு

சனிக்கிழமை மத்தியானக் காட்சி. கனடாவில் மார்க்கம் நகரத்துத் தியேட்டரில் விளக்கு அணைந்து, விளம்பரங்கள் ஓடிக்கொண்டிருந்த நேரம், எனக்கு முன்வரிசையில் யாரோ அலுமினியத் தாளைப் பிரித்தார்கள். கடலை வடை. கறிவேப்பிலையும் செத்தல் மிளகாயும் எண்ணெயில் பொரிந்த வாசம், பொப்கோர்ன் வாசத்தைத் தள்ளிக்கொண்டு வந்து மூக்கில் நின்றது. நான் ஒன்றும் யோசிக்காமல் இடப்பக்கம் கையை நீட்டினேன். பக்கத்து இருக்கையில் என்னுடைய குளிர்கோட்டுத்தான் கிடந்தது.

வெளிச் சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்று வாசலில் பெரிதாக எழுதியிருக்கும். நீர் அதை ஒரு நாளும் மதித்ததில்லை. கைப்பையின் அடியில், சால்வைக்குக் கீழே, வடை எப்போதும் இருந்தது. டிக்கெட் பார்க்கும் பெட்டைக்கு மணக்கும். அவள் உம்முடைய முகத்தைப் பார்ப்பாள், நீர் சிரிப்பீர், அவள் விட்டுவிடுவாள். எனக்குத்தான் நெஞ்சு இடிக்கும். “பயந்தாங்கொள்ளி! நீ படத்தைப் பாரு கா, வடையை நான் பார்த்துக்கிறன்” என்பீர், பேச்சுக்குப் பேச்சு உம்முடைய ஊர்க் ‘கா’வோடு.

இன்றைக்குப் பார்த்த படத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கேட்டுக்கொண்டே இருப்பீர். ஒரு பொலிஸ்காரர் காணாமல் போன ஒரு பெண்ணைத் தேடுகிறார். தேடுகிறார் என்றால், போனில் தேடுகிறார். படம் முழுக்க ஆளாளுக்குப் போனில் கத்துகிறார்கள். ஒளிப்பதிவு பிரமாதம் என்று எழுதுவார்கள். எனக்கு இருட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கொலைகாரன் யாரென்று கடைசியில் காட்டியபோது, அவன் முன்பு எந்தக் காட்சியில் வந்தான் என்பதே ஞாபகம் வரவில்லை. பின்வரிசையில் இருந்த மனுசனுக்கும் வரவில்லை, மனைவியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இதை நான் யாருக்குச் சொல்வது? வீட்டில் இவருக்குப் படம் என்றாலே கொட்டாவி. மகளிடம் வாயைத் திறந்தால், “அம்மா, நோ ஸ்பொய்லர்ஸ், பிளீஸ்!” என்று காதைப் பொத்துவாள். காருக்குள் ஏறி, ஹீற்றர் சூடாகும் வரைக்கும் உமக்கே சொல்லத் தொடங்கினேன். பக்கத்துக் காரில் இருந்த பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வெட்கம் வந்து நிறுத்திவிட்டேன். அதுதான் வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் பழகியதே ஒரு வாக்குவாதத்தில். அலுவலகத்துச் சாப்பாட்டு அறையில் நான் யாரிடமோ, ஊரெல்லாம் அழுதுகொண்டிருந்த ஒரு படத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெளிநாடு போன மகன் திரும்பி வருகிறான், தாய் அவன் கையால் ஒரு கவளம் சோறு வாங்கிவிட்டுச் சாகிறாள். சாகிறாள் என்றால் இலேசில் சாகவில்லை, ஒரு பாட்டும் இரண்டு வசனமும் முடிந்த பிறகுதான் சாகிறாள். மலிவான படம் என்றேன். மைக்ரோவேவில் சோறு சூடாக்கிக்கொண்டு நின்ற நீர் திரும்பினீர். அதற்கு முன் நாங்கள் குட்மோர்னிங் தவிர ஒன்றும் பேசியதில்லை.

“அப்ப நீ அழயில்லியா?”

“இல்லை.”

“பொய்.”

“நான் படத்தைப் பற்றிப் பொய் சொல்லுறேல்லை. நீர் வேணுமெண்டால் பக்கத்தில இருந்து பாரும்.”

“இந்த ‘நீர்’ எண்டு கூப்பிடாத கா. கோட்டுல நீதவானுக்கு முன்னால கூட்டில நிக்கிற மாதிரி இரிக்கி” என்றீர்.

எனக்கு அது வாயில் வந்த பழக்கம், மாறவில்லை. உமக்கும் பிறகு காது பழகிவிட்டது. அந்தச் சனிக்கிழமை இரண்டு பேரும் போனோம். நான் மன்னார், நீர் மட்டக்களப்பு. நான் மாதாகோயில் பூசைக்குப் போகிறவள், நீர் வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் சாப்பிடுகிற சைவக்காரி. ஊரில் இருந்திருந்தால் சந்தித்தே இருக்கமாட்டோம். நீர் தாய் சாகமுன்னமே அழத் தொடங்கிவிட்டு, இடைக்கிடை சால்வையை விலக்கி என் கண்ணைப் பார்த்தீர். கண் காய்ந்துபோய் இருந்தது. வெளியே வந்ததும் “நீ கல்லு” என்று தீர்ப்புச் சொன்னீர்.

உம்முடைய அந்தப் பழக்கத்தையும் அன்றைக்குத்தான் கண்டேன். ஊரில் இடைவேளை என்றால் விளக்கெரியும், கதவு திறக்கும், சனம் எழும்பி வெளியே போகும். இங்கே திரையில் ‘இடைவேளை’ என்று எழுத்து வந்து, இரண்டு மூச்சு விடுவதற்குள் படம் மறுபடி ஓடத் தொடங்கிவிடும். கனடாத் தியேட்டர்க்காரனுக்கு அது என்ன எழுத்து என்றே தெரியாது. எங்கள் சனமும் பழகிவிட்டது, ஒருவரும் அசைவதில்லை. நீர் மட்டும் கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினீர்.

“எங்க போறீர்? படம் ஓடுது.”

“இடைவேளை எண்டு போட்டிரிக்கில்ல?”

“அது சும்மா வாறது. இஞ்ச நிப்பாட்ட மாட்டாங்கள்.”

“அவங்க நிப்பாட்டாட்டி நான் நிப்பாட்டுறன்” என்று சொல்லிவிட்டு, வரிசையில் இருந்தவர்களின் முழங்காலையெல்லாம் இடித்துக்கொண்டு போனீர். வெளியே கண்ணாடியடியில் நின்று, பிளாஸ்கில் இருந்த பால் விடாத பிளேன்ரீயைக் குடித்து, பாத்ரூமுக்குப் போய், சீலையைச் சரிசெய்து, ஊரில் எவ்வளவு நேரம் இடைவேளையோ அவ்வளவு நேரத்துக்குப் பிறகுதான் திரும்பி வந்தீர். அதற்குள் திரையில் ஒரு கலியாணம் குழம்பி, வில்லன் ஜெயிலுக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டான்.

காரில் ஏறியதும், “சரி, நான் இல்லாத நேரம் நடந்ததைச் சொல்லு” என்றீர். சொன்னேன். அன்றைக்குத் தொடங்கியது அந்த வேலை.

ஒரே ஒரு சட்டம் வைத்தீர். “படத்தில இரிக்கிறபடி சொல்லணும். உனக்குப் பிடிக்கயில்ல எண்டு மாத்தப்படாது.” நான் மாற்றியதில்லை. எவ்வளவு கேவலமான காட்சியானாலும் சிரிக்காமல், கூட்டாமல் குறைக்காமல் சொல்லி முடித்துவிட்டுத்தான் என் கருத்தைச் சொல்வேன். அதில் எனக்கு ஒரு தலைக்கனமும் இருந்தது.

உமக்கோ கதை பெரிதில்லை. “அவள் அதைச் சொல்லக்குள்ள மாமி எங்க நிண்ட?” என்பீர். “இவ்வளவு கூத்துக்குள்ளயும் அந்தப் பிள்ளைக்கு ஆரு சாப்பாடு குடுத்த?” என்பீர். முதல் சில படங்களில் முழித்தேன். கதாநாயகி அழுததைத்தான் கண்டேன், அவளுக்குப் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு மாமி நின்றதைக் காணவில்லை. பிறகு, நீர் எழும்பிப் போனதும் நான் நிமிர்ந்து உட்காரப் பழகினேன். யார் எங்கே நிற்கிறார்கள், யார் கையில் என்ன இருக்கிறது, யார் பேசாமல் இருக்கிறார்கள் என்று ஓடி ஓடிப் பார்ப்பேன். எத்தனையோ படங்களில் எனக்கு இப்போதும் தெளிவாக ஞாபகம் இருப்பது நீர் வெளியே நின்ற அந்தக் கொஞ்ச நேரம்தான்.

அந்தப் பெரிய நடிகரின் படத்துக்குப் போனது ஞாபகமா? முதல்நாள் காட்சி. ஏஜக்ஸ், பிரம்ப்டன் ஊர்ச் சனமெல்லாம் இறங்கி வந்து காகிதம் கிழித்து எறிந்தது. என் கருத்தில் எந்த மாற்றமும் இல்லை. அடியாட்கள் எல்லோரும் பாங்கில் காசெடுக்க நிற்பது போல வரிசையில் நின்று, தங்கள் முறை வந்ததும் ஓடிப்போய் அடி வாங்கிக்கொண்டு விழுந்தார்கள். எனக்குத் தலையிடி. நீர் விசில் அடித்தீர்! இரண்டு விரலை வாயில் வைத்து, ஒரு அன்ரி, பேரப்பிள்ளை கண்ட மனுசி. “அவன் அடிக்க அடிக்க என்ட இடுப்பு நோவு பறந்து போய்ச்சு கா. பிசியோவுக்குப் போனாக்கூட இப்பிடி இல்ல” என்றீர். அதற்கு என்ன விமர்சனம் எழுதுவது?

பிறகு நான் பழிவாங்க நினைத்து உம்மை நகர் நடுவே டவுன்ரவுன் தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வடதுருவப் பக்கத்து நாடொன்றின் படம். ஒரு கிழவர் தன் வீட்டுக் கூரையைத் திருத்துகிறார், அவ்வளவுதான் கதை. பேச்சுக் கிடையாது, பாட்டுக் கிடையாது, காற்றுச் சத்தம் மட்டும். இடைவேளை எழுத்தும் கிடையாது. அதற்கும் நீர் வழி வைத்திருந்தீர்: படத்தில் யாராவது கதவைச் சாத்திவிட்டுப் போனால் அதுதான் இடைவேளை. நீர் குறட்டை விடுவீர், நான் ஒரு மாதம் சொல்லிச் சிரிக்கலாம் என்று காத்திருந்தேன். நீர் கதிரையின் நுனியில் இருந்தீர். “அந்த மனுசன் ஏணியை ஒருக்காலும் நேராச் சாத்தயில்ல. இப்ப விழப் போறான், இப்ப விழப் போறான் எண்டு எனக்கு ஈரக்குலை நடுங்கிச்சு. இப்பிடி ஒரு திகில் படம் நான் பார்த்ததே இல்ல” என்றீர். உண்மையைச் சொன்னால், கொஞ்ச நேரம் தூங்கியது நான்தான்.

பேய்ப் படங்களுக்கு நீர் பயப்பட்டதேயில்லை. ஒரு படத்தில் புருசனும் பெண்சாதியும் காட்டுக்கு நடுவே மாளிகை போல ஒரு வீடு வாங்குகிறார்கள், மேல்மாடியில் பேய். நான் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். நல்ல படம் அது, பயப்படுத்தத் தெரிந்தவன் எடுத்த படம். நீர் வடையைக் கடித்துக்கொண்டு, “இவ்வளவு பெரிய வீட்டில ரெண்டு பேர் மட்டும் இருந்தா பேய் வராம என்ன செய்யும்? ரெண்டு சொந்தக்காரரைக் கூப்பிட்டு வச்சிருந்தா அது தன்ட பாட்டில போயிரிக்கும்” என்றீர். முன்னுக்கு இருந்த வெள்ளைக்காரப் பெடியன்கள் ‘உஷ்’ என்றார்கள்.

அடுத்த வருடம் நீர் வேலையில் இருந்து ஓய்வெடுத்து, ரூஜ் பகுதியில் இருந்த வீட்டை விட்டுவிட்டு மகனோடு நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்விலுக்குப் போனீர். புது வீடு. பகலில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்விட, அத்தனை அறைக்கும் நீர் ஒருவர். பஸ் இல்லை, நடந்து போக ஒரு கடை இல்லை. நீர் முறையிட்டதில்லை. ஆனால் சனிக்கிழமை நான் காரை உங்கள் டிரைவ்வேயில் திருப்பும்போதே, கோட்டும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பீர். அந்த நேரமெல்லாம் எனக்கு அந்தப் பேய்ப் படம்தான் நினைவுக்கு வரும்.

எங்கள் யுத்தத்தைப் பற்றி ஒரு படம் வந்தது. வெளியில் இருந்த யாரோ எடுத்தது. நான் முதல் காட்சியிலேயே கொதிக்கத் தொடங்கிவிட்டேன். எங்கள் பேச்சு அவர்கள் வாயில் பாடசாலை நாடகம் போல இருந்தது. சனம் சலவை செய்த சீலையில் இடம்பெயர்ந்தது. பதுங்குகுழிப் பங்கருக்குள் விளக்கு வெளிச்சத்தில் ஒரு காதல் பாட்டு. இடைவேளை எழுத்து வந்தது. நான் உமக்கு வழிவிடக் காலை ஒதுக்கினேன். நீர் எழும்பவில்லை. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தீர். அங்கே ஒரு தாய் இராணுவ முகாம் வாசலில் நின்று ஒரு பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

உம்முடைய தம்பியைப் பற்றி அதற்கு முன் ஒரேயொரு தரம்தான் சொல்லியிருந்தீர், சந்தைக்குப் போனவன் திரும்பி வரவில்லை என்று. அதையும் வேறு ஏதோ கதைக்கு நடுவில்.

காரில் நான் அந்தப் படத்தைக் கிழித்தேன். ஒன்று ஒன்றாகச் சொன்னேன். நீர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினீர். பிறகு, “கூடாத படம்தான் கா. நல்ல படமா இருந்திருந்தா நான் அப்பவே எழும்பி வெளிய போயிரிப்பன். கூடாத படம் எண்டதாலதான் கடைசி மட்டும் இருந்து பார்க்க ஏலுமா இருந்த” என்றீர். இவ்வளவு காலம் படம் பார்த்தும் எனக்கு அப்படி ஒன்று தோன்றியதில்லை.

தவக்காலத்தில் நான் தியேட்டருக்குப் போவதில்லை. இறைச்சியை விடுவது சுகம், படத்தை விடுவதுதான் கஷ்டம் என்று அதைத் தேர்ந்தேன். சாம்பல் புதனில் இருந்து உயிர்த்த ஞாயிறு வரை எங்கள் சனிக்கிழமைகள் வெறுமை. உம்மை யாரோடாவது போகச் சொன்னேன். “நீ சொல்லாட்டி எனக்கு அரைவாசிப் படம்தானே கா. உங்கட நோன்பு முடியட்டும்” என்று நீரும் இருந்துவிடுவீர். ஒரு சைவக்காரி என்னோடு சேர்ந்து தவக்காலம் காத்தது யாருக்குத் தெரியும்?

போன மாரியில் வயிற்று நோவு என்று ஆஸ்பத்திரிக்குப் போனீர். அங்கேயே படுக்கவைத்து மறித்துவிட்டார்கள், பிறகு அந்த நோவுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். நான் வந்து கட்டிலடியில் என்ன பேசுவது என்று தெரியாமல் இருந்தேன். நீர்தான் தொடங்கினீர். “இனி எனக்கு முழுப் படமும் இடைவேளைதான் கா. நீ பார்த்துட்டு வந்து சொல்லு.”

அப்படியே செய்தேன். சனிக்கிழமை தனியே போய்ப் பார்ப்பேன், ஞாயிறு பூசை முடிய வந்து முழுவதையும் சொல்வேன். பக்கத்துக் கட்டில் சீனத்து அம்மாவும் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு கேட்பார், ஒரு சொல்லும் விளங்காமல். சாம்பல் புதன் வந்தது. நெற்றிச் சாம்பலோடு நான் உள்ளே வந்ததும் உம்முடைய முகம் மாறியதைக் கண்டேன். “அப்ப இனிக் கதை இல்ல என்ன?” என்றீர், சிரித்துக்கொண்டுதான். அந்தச் சனிக்கிழமை நான் தியேட்டருக்குப் போனேன். பிறகு பாவசங்கீர்த்தனத்தில் அதையும் ஒரு பாவமாகச் சொன்னேன். பாதர், படம் நல்லதா என்று கேட்டார்.

நல்ல படம். நான் பார்த்தவற்றில் மிக நல்ல படம் என்று கூடச் சொல்வேன். ஒரு சின்ன ஊர்ப் பஸ் நிலையத்தில் இரண்டு மச்சாள்மார் சேர்ந்து சாப்பாட்டுக் கடை போடுகிறார்கள். ஆரம்பத்தில் ஒருத்தியை ஒருத்தி கண்ணில் காட்டக் கூடாது. பிறகு ஒருத்தி இல்லாமல் மற்றவள் தேத்தண்ணிகூடக் குடிப்பதில்லை. சண்டையும் சிரிப்புமாகப் படம் போகிறது. இடைவேளை எழுத்து வந்தது. அதற்குப் பிறகு மூத்தவளுக்கு வயிற்று நோவு வருகிறது. உமக்குச் சொன்ன அதே பெயரை அவளுக்கும் சொல்கிறார்கள். பாட்டு இல்லை, வசனம் இல்லை, நம்பமுடியாதது ஒன்றும் இல்லை. அவள் செத்துப் போகிறாள். மற்றவள் அடுத்த நாள் வந்து கடையைத் திறக்கிறாள். விளக்குப் போட்ட பிறகும் என்னால் எழும்ப முடியவில்லை. துடைக்க ஒன்றும் கொண்டு போகவில்லை, கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முதற்பாதியைச் சொன்னேன். நீர் எத்தனை கேள்வி கேட்டீர்! என்ன கறி, எந்த அடுப்பு, கல்லாவில் யார் இருந்தது. இளையவள் கோபத்தில் சாம்பார்ச் சட்டியை றோட்டில் கவிழ்த்த இடத்தில், நோவையும் மறந்து சிரித்தீர். பக்கத்துக் கட்டில் அம்மாவும் சேர்ந்து சிரித்தார். பிறகு அந்த இடம் வந்தது.

“இடைவேளை” என்றேன்.

நீர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர். அவ்வளவு காலத்தில் ஒரு நாளும் நானாக இடைவேளை விட்டதில்லை.

“சரி. மறுகா சொல்லு. நாளைக்கு வாறியா?”

“ஓம், வேலை முடியவே வாறன்.”

திங்கட்கிழமை அலுவலகத்தில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. உமக்கு அந்தப் பிற்பாதியைச் சொல்ல என்னால் முடியாது என்பது மட்டும் தெரிந்தது. மார்க்கத்தில் இருந்து ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்டிய வழி முழுக்க வேறொரு பிற்பாதியைக் கட்டிக்கொண்டு வந்தேன். நீர் துருவித் துருவிக் கேட்பீர் என்று, யார் எங்கே நிற்பது, என்ன உடுப்பது என்பதுவரை யோசித்து வைத்தேன். ஒரு சிவப்பு விளக்கில், கட்டிய கதையை எனக்கே ஒருதரம் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். பொய் என்று முகத்தில் தெரியக் கூடாதே. படத்தை மாற்றக் கூடாது என்ற உம்முடைய சட்டத்தை உடைக்கப் போகிறேன் என்பதில் எனக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

அறைக்கு வெளியே உம்முடைய மகன் நின்றார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அன்ரி, அம்மா போயிட்டா. மத்தியானம்தான். சடின்னா நடந்திட்டுது. உங்களுக்கு கோல் பண்ணினன், நீங்க எடுக்கயில்ல. காலமை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தவ, அன்ரி எத்தனை மணிக்கு வாறா எண்டு. ஷி வோஸ் வெயிட்டிங் ஃபோ யூ, அன்ரி.”

உள்ளே வந்து உம்முடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். சொல்ல வந்ததை அப்போதும் சொல்லவில்லை. உயிர்த்த ஞாயிறு வந்தது, போனது, கோடையும் போனது. நான் சனிக்கிழமைகளில் மறுபடி தியேட்டருக்குப் போகத் தொடங்கி இப்போது ஆறேழு படமாகிவிட்டது. ஒவ்வொன்றிலும் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. எதிர்த்துப் பேச ஆளில்லாத கருத்து எனக்கே பிடிக்கவில்லை. எனக்கு உம்மைத் தேடுகிறது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

மச்சாள்மாரின் படத்தை நான் திரும்பப் பார்க்கவில்லை. அதன் உண்மையான பிற்பாதி மெல்ல மங்கிக்கொண்டு போகிறது. காரில் கட்டிய பிற்பாதிதான் பளிச்சென்று இருக்கிறது. அதில் மூத்தவளின் ரிப்போர்ட் பிழை. வேறொருத்தியின் ரிப்போர்ட் மாறி வந்ததும் அல்ல, யாருக்குமே அந்த நோய் இல்லை, மெஷின் பழுது. டொக்ரர் இரண்டு கையையும் கூப்பி மன்னிப்புக் கேட்கிறார். ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போதே இரண்டு பேருக்கும் சண்டை தொடங்கிவிடுகிறது, இத்தனை நாள் கடை பூட்டிக் கிடந்ததற்கு யார் காரணம் என்று. சண்டை போட்டுக்கொண்டே பஸ்ஸில் ஏறுகிறார்கள். பிறகு பக்கத்து ஊரில் இன்னொரு கடை திறக்கிறார்கள். தலை நரைக்கிறது, கண்ணாடி போடுகிறார்கள், பல் விழுகிறது, இருவரில் ஒருத்தியும் சாவதில்லை. உமக்காக இரண்டு பாட்டும் வைத்திருக்கிறேன். லொஜிக் கிடையாது, நம்ப அதில் ஒன்றுமில்லை. வேறு யாராவது இப்படி ஒரு படத்தை எடுத்திருந்தால், கார்ப் பார்க்குக்கு வந்து சேரமுன்னமே நார் நாராகக் கிழித்திருப்பேன். இதில் ஒரு காட்சியைக்கூட வெட்ட எனக்கு மனம் வரவில்லை.